இரண்டு படைக்கும் ஒரே தலைப்பாகை

எங்கள் பல்கனிக் கொடியில் ஒரு போர்வீரனின் தலைப்பாகை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த நான்காம் மாடி. பக்கத்துக் கொடிகளில் பள்ளிச் சீருடைகளும் சாரங்களும் ஆட, எங்களுடையதில் மட்டும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக நீளமான ஒரு துணி. எதிர்வீட்டு ஹாஜியார் லிப்டுக்குள் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாஸ்டர், ஊட்டுல ராஜா யாரும் வந்தீக்காரா?" என்றார். "ராஜா இல்லை ஹாஜியார். சாகிறதுக்குச் சம்பளம் வாங்கிற ஆள்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பண்டசாலைக்குள் பலகையால் கோட்டை கட்டி இந்திப் படம் எடுக்கிறார்கள். அரசன் இறந்துவிட, அவனுடைய இரண்டு மகன்மாரும் சிம்மாசனத்துக்காகச் சண்டை பிடிக்கும் கதை. கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் என் மகன் நிதர்சன் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணனின் படைக்குச் சிவப்பு, தம்பியின் படைக்கு நீலம். ஆட்கள் போதாததால் இரண்டு படைக்கும் அதே ஆட்கள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைப்பாகையைத் திருப்பிக் கட்டுவார்கள். அதைத் துவைப்பது அவரவர் வீட்டில். "காலமை அண்ணன்ரை படையிலை செத்தனான். பின்னேரம் தம்பியின்ரை படையிலை செத்தனான். ரெண்டு பக்கத்துக்கும் வஞ்சகமில்லை அப்பா" என்று பாணைப் பிய்த்தபடி சொல்வான்.

நான் கிளிநொச்சியில் கணிதம் படிப்பித்தவன். என் தம்பி பதினேழு வயதில் ஒருநாள் சைக்கிளைப் பாடசாலையில் விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனான். சில மாதம் கழித்து யாரோ ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். தோளில் துவக்கு, முகத்தில் அரும்பிய மீசை. நான் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது அந்தப் படத்தை அடுப்பில் போட்டேன். வழியில் எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை தடவை பையைக் கொட்டிக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அவன் திரும்பி வரவில்லை. வளர்ந்தவனாக அவனைக் காட்டும் வேறு படமும் இல்லை. இன்றும் அவன் முகத்தை நினைத்தால் அடுப்பில் சுருண்ட காகிதத்தின் ஓரம்தான் முதலில் வருகிறது.

போன சனிக்கிழமை மகனின் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே ஒரு வாள் இருந்தது. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினேன். ரப்பர் என்பது முதல் வெட்டிலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. கை நிற்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி, காலி நகர்வரை ஓடும் காலி வீதியில் இரண்டு குப்பைத் தொட்டிகளிலும் மீன் சந்தைக்குப் பின்னாலுமாகப் போட்டுவிட்டு வந்து கை கழுவினேன். இந்த நகரத்தில் இப்போது எவரும் என் பையைத் திறப்பதில்லை. ஆண்டுக்கணக்காகத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை மகன் வீட்டைப் புரட்டினான்.

"அப்பா, என்ரை வாள் எங்கை?"

"வெட்டி எறிஞ்சிட்டன்."

"ஐயோ! சிநேகிதங்களுக்குக் காட்ட ஒருநாள் கேட்டு வாங்கினது. இண்டைக்குக் குடுக்காட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினம்."

"நான் வந்து சொல்லுறன்."

"வேண்டாம். வந்தால் என்னைக் கையோடை கூட்டிக்கொண்டு வந்திடுவீங்கள்."

மனைவி குசினிக்குள் இருந்து, "ரப்பருக்கே இந்தப் பாடு. பிள்ளையை என்ன செய்வாரோ" என்றாள். கூட்டி வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். எனக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் அவன் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலுமாகப் போனோம்.

பண்டசாலை வாசலில் நீண்ட வரிசை. உடுப்புகளுக்குப் பொறுப்பான சிங்களப் பெண் பட்டியலோடு நின்றாள். அதிகாரம் உள்ள எவரைக் கண்டாலும் என் கை தானாக அடையாள அட்டையை எடுத்துவிடும். நீட்டினேன். "நங்கி, கடுவ..." என்று, தங்கை முறை சொல்லி, வாளைப் பற்றி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினேன். அவள் அட்டையையும் என் வெள்ளைத் தாடியையும் பார்த்தாள், பெயரை எழுதினாள், ஒரு பழுப்புப் போர்வையைத் தோளில் போட்டாள். "ஹரி அங்கிள், எஹாட்ட யன்ன" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே நின்றவர்கள் எல்லாம் என்னைப் போன்ற கிழடுகள். போர் முடிந்த களத்தில் பிள்ளைகளைத் தேடும் ஊர்ச்சனம் நாங்கள் என்று ஒருவர் தமிழில் சொன்னார். "சும்மா தேடுற மாதிரி நடவுங்கோ."

போர்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். தம்பியை நான் தேடிப் போனவன் இல்லை. கடைசிச் சண்டை நடந்த நாட்களில் கொழும்பில் தங்குவதற்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் இருந்தேன். நடப்பது என்று முடிவெடுத்தேன்.

சிவப்பும் நீலமும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தேன். மகன் ஒரு பலகைத் தூணோடு நீலத் தலைப்பாகையுடன் கிடந்தான். நெற்றியில் சீனிப்பாணிபோல் செயற்கை இரத்தம். பக்கத்தில் இருந்துவிட்டேன். அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"அப்பா! நீங்கள் இங்கை என்ன செய்யிறியள்?"

"உன்னைத் தேடுறன்."

"கமெராவைப் பாக்காதேங்கோ. அழுதால் போதும்."

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அவனிடமே போனேன். கடைசித் தடவை அவன் நெஞ்சில் கை வைத்தேன். ஏறி இறங்கியது. பிணம் மூச்சு விடக்கூடாது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

வாளைப் பற்றிப் பிறகுதான் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடிந்தது. அவள் சிரித்து, விறகு போல அடுக்கியிருந்த வாள்களைக் காட்டினாள். அதிலிருந்து ஒன்றை எடுத்து நானே மகனின் கையில் கொடுத்தேன். "நங்கி, ஒரு போட்டோ" என்று போனை நீட்டினேன். மகன் ஆச்சரியமாகப் பார்த்தான். வாளை உயர்த்திப் பிடி என்றேன்.

அந்தப் படத்தைக் காலி வீதிக் கடையொன்றில் அச்செடுத்துச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் தெரியும்படி முன்சுவரில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு படத்துக்கான ஆணியையும் அடித்துவிட்டேன். அதில் மாட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நாளைக்கும் அவன் போகிறான். தலைப்பாகையைத் துவைத்து நானே கொடியில் போட்டேன். கல்கிசைக்குப் போகும் ரயிலில் இருப்பவர்களுக்கு அதன் சிவப்புத் தெரியும். உள்ளே நிற்கும் எனக்கு நீலம். கடல்காற்று பலமாக வந்து அதைத் திருப்பித் திருப்பி அடித்தது. பறந்துபோகாமல் இருக்க இன்னும் இரண்டு கிளிப் குத்திவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.