பெரிங்கல்லாவின் தலைவி ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார்

சனிக்கிழமை காலையில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் யோகமலரின் குசினிக்குள் மிக்சி ஓடக் கூடாது. அந்த நேரத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் ஓர் ஊரை ஆண்டுகொண்டிருப்பார்.

ஊரின் பெயர் பெரிங்கல்லா. கணவர் தேவராசாவின் வாயில் அது பெருங்கல். ஒரே ஒரு தெரு, கோதுமை வயல், ஒரு பப், ரயில் வராத ரயில் நிலையம், தகரக் கூரை போட்ட ஊர் மண்டபம். சனம் முந்நூறு சொச்சம். ஆடுகளையும் சேர்த்தால் அது பட்டணம். மகள் மிதுஷா அங்கே டொக்டர். அவளுடைய பிள்ளைப்பேற்றுக்குப் போன யோகமலர் ஆறு மாதம் தங்கினார். பேரனோ பாலைக் குடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிற சாது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், மண்டபத்துப் பெண்களோடு தேநீர் ஊற்றப் போனார். மூன்றாம் வாரம், தேநீரோடு கொடுக்கும் ஸ்கோன் பணிசின் மாவுக்குள் பெருஞ்சீரகம் போட்டார். ஊர் ஒரு நாள் திகைத்தது. மறுநாள், இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டது.

அந்த வருடம்தான் ஊருக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழாப் பேச்சு எழுந்தது. ஊரின் முதல் கிணற்றடியில் ஒரு நினைவுக் கல் நாட்டுவதென்று முடிவானது. ஆனால் கிணற்றை வெட்டியது யார்? பாரி ஹார்ட்டி தன் பூட்டன் என்றார். கெவின் போல்டன் தன் பூட்டன் என்றார். பப்பில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு மூலைக்குப் போயின. ஊர்க் கால்பந்து அணி இரண்டாக உடைந்து, ஆட ஆள் காணாமல் போயிற்று. வரலாற்றுக் குழுவுக்குத் தலைமை தாங்க இரு பக்கமும் சொந்தமோ கோபமோ இல்லாத ஓர் ஆளைத் தேடினார்கள். அகப்பட்டவர் யோகமலர்.

லண்டன் திரும்பிய பிறகும் அவரை விடவில்லை. வேறு ஆளில்லை, வீடியோவில் வாருங்கள் என்றார்கள்.

"உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? அவையள் அடிபட்டுக்கொண்டு கிடக்கட்டும்," என்றார் தேவராசா.

"கோயில் பொதுக்கூட்டம் இருபது வருசமாப் பாத்தனான். இது எனக்குப் பாலர் வகுப்பு."

கல்லுக்கு ஓடர் கொடுக்க வேண்டிய கூட்டம் வந்தது. பாரி மேசையில் குத்தினார். கெவின் அதைவிடப் பலமாகக் குத்தினார். கமரா ஆடிற்று. பெரிங்கல்லா முழுவதும் நிலநடுக்கத்தில் இருப்பதுபோல் யோகமலருக்குத் தெரிந்தது.

"பொறுங்கள்," என்றார் அவர், முன்பு ஜெர்மனியில் வாழ்ந்த காலத்து வாடை இன்னும் அடிக்கும் ஆங்கிலத்தில். "கிணறு வெட்டி முடியும்வரை உங்கள் பூட்டன்மார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?"

மேசையின் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அது மார்லீன். ஓய்வுபெற்ற ஆசிரியை, அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒருவர். தங்கள் மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்பது அவர்களுடைய வழக்கம்; தமிழருடையதும் அதுவே. அதனால் ஊரில் இரண்டே இரண்டு ஆன்ட்டிமார்: மார்லீனும் யோகமலரும்.

"அங்கே ஊற்று இருந்தது," என்றார் மார்லீன். "இடத்தைக் காட்டியது எங்கள் ஆட்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! நீங்கள் இரண்டு பேரும் கத்துகிற கத்தில் யாருக்குக் கேட்டது?"

பாரி தொப்பியைக் கழற்றினார். கெவின் ஆறிப்போன தேநீரை ஊதினார்.

கல்லின் உச்சியில், மார்லீனின் மக்கள் அந்த ஊற்றுக்கு வைத்த பழைய பெயர். கீழே பூட்டன்மார் இருவரும் என்றார் யோகமலர். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் கெவின் கேட்டார்: "கீழே என்றால், முதலில் யார்?"

யோகமலர் ஒரு பவுண்ட் காசை எடுத்துக் காட்டினார். தலை விழுந்தால் ஹார்ட்டி, பூ விழுந்தால் போல்டன். சுண்டினார். காசு அலுமாரியில் மோதி, உருண்டு, அடுப்புக்குக் கீழே போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! கை வைக்காதேங்கோ, பாத்து மட்டும் சொல்லுங்கோ!"

தேவராசா டோர்ச்சோடு நிலத்தில் குப்புறப் படுத்தார். பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சபை மூச்சை அடக்கிக்கொண்டு அவர் உடுத்திருந்த சாரத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தது.

"தலை!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பாரி துள்ளி எழுந்தார். கெவின் ஒரு கணம் முகத்தைச் சுழித்தார்; பிறகு கையை நீட்டினார். எல்லோருமாகப் பப்புக்குப் போனார்கள், இந்த முறை ஒரே மேசைக்கு.

யோகமலர் கணினியை மூடினார். "வடிவாத் தெரிஞ்சதோ?"

"எங்க தெரிஞ்சது? கண்ணாடி மேல் அறையில. வட்டமா ஒண்டு மினுங்கினது, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் தலை எண்டனீங்கள்?"

"முழங்கால் நோகுது. ஏதாவது சொன்னாத்தானே எழும்ப விடுவீர்?"

யோகமலருக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. விழாவுக்கு அவர் நேரிலேயே போனார். சிவப்புச் சேலையில், கல்லைத் திறந்துவைத்த மார்லீனின் பக்கத்தில் நின்றார். காசு கிடக்கும் அந்த அடுப்பை மட்டும் இன்றுவரை யாரையும் இழுக்க விடவில்லை.