ஜன்னல் வழியே வந்த மகள்

மதுரையில் காலரா பரவிய கோடை அது. நான் காலரா வார்டில் நர்ஸ். மூன்று வயது மகளைச் சோழவந்தானில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் என் கைமேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒருநாள் தாங்க முடியாமல், நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு சிம்மக்கல்லில் பஸ் ஏறினேன். இறங்கக்கூடாது, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நாத்தனார் பிள்ளையோடு ஸ்டாப்பில் தள்ளி நின்றாள். "கிட்ட வரல மதினி, அங்கன இருந்தே பாத்துக்கங்க."

அதற்குள் மகள் கையை உதறிக்கொண்டு, கொலுசு குலுங்க ஓடி வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று அழுதாள்.

"ஏம்மா, பிள்ளை இம்புட்டு அழுகுது, பாத்துக்கிட்டே இருக்கீகளே!" என்ற கண்டக்டர், நான் வாய் திறப்பதற்குள் அவளைத் தூக்கி ஜன்னல் வழியாக என் மடியில் வைத்துவிட்டார். பாவம், நல்ல மனிதர்.

அவள் கையிலிருந்த கடலை மிட்டாயை என் வாயில் திணித்தாள். நான் கடித்ததும் மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் தின்போம். வாய் வழியாகத்தான் இந்த நோய் உள்ளே போகும் என்று வார்டில் எல்லோருக்கும் சொல்கிறவள் நான். தடுக்க வேண்டிய என் கை அவளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிள்ளையை நாத்தனாரிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தெரியும்வரை, ஸ்ட்ரெச்சரில் எந்தப் பிள்ளை வந்தாலும் முகத்தைப் பார்க்கத் துணியாமல் காலைத்தான் பார்த்தேன். கொலுசு இல்லையென்றதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதியோடுதான் இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு ஊசி குத்தினேன்.