ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தவர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தொழிலில் விழுந்த பட்டப்பெயர் பாம்புக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே ஓடும் ஃபிரிட்ஜுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக அவர் செய்தது ஒரே வேலை. சத்தம் போடுகிறதை வாயடைக்க வைப்பது.

வீட்டில் சத்தம் போடுகிற ஆள் அவர்தான். யாராவது ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் போதும், வந்துவிடும். "கதவை மூடு! கரண்ட் வீணாகுது!" மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்த வசனம் அது.

ஊரார் வீட்டு ஃபிரிட்ஜையெல்லாம் அடக்கியவர், சொந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பதினோரு வருடம் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, தானாகவே அதை இழுத்துப் போட்டு, கம்ப்ரசருக்கு அடியில் கல்லாய் இறுகிக் கிடந்த ரப்பர்களை மாற்றினார். பின் தகட்டில் உரசிய செம்புக் குழாயை விரலால் நகர்த்தினார். அப்புறம் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது.

மாலையில் வெளியே போய்விட்டு வந்த மகள், சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவள், அப்படியே நின்றாள்.

"சத்தம் எங்கப்பா?"

"சரி பண்ணிட்டேன்ல," என்றார் மார்தட்டாத குறையாக.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். சரியானதற்கு அழுத ஆளை அன்றுதான் பார்த்தார்.

அவள் இசை என்று ஏதோ செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் அறையிலிருந்து இரைச்சல் வரும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து, ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கதவைத் தட்டியும் இருக்கிறார். சனிக்கிழமை அவள் முதன்முதலாக மேடை ஏறப்போகிறாள் என்பதும், வாசிக்கப்போவதே இந்த ஃபிரிட்ஜைத்தான் என்பதும் அவருக்குத் தெரியாது.

"கதவுல மைக் ஒட்டி, அந்த உறுமலைப் பெருசாக்கி, மெதுவா மாத்திக்கிட்டே போவேன். இது ஓட ஆரம்பிச்சா பாட்டு ஆரம்பம். தானா நின்னா முடிஞ்சுது. ரெண்டு வருஷமா இதைத்தான்பா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சிரிப்பீங்க."

சிரித்திருப்பார். அது அவருக்கே தெரிந்ததால் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் குப்பைத்தொட்டியைக் கிளறி, தூக்கி எறிந்த பழைய ரப்பர்களைத் தேடி எடுத்து மாட்டினார். சத்தம் வந்தது. "இது இல்லப்பா," என்றாள் மகள். குழாயை ஒரு மயிரிழை நகர்த்தினார். "இதுவும் இல்ல." நாலு நாள் இதே பாடு. கோளாறை நீக்கத் தெரிந்த மனிதனுக்குக் கோளாறை வரவைக்கத் தெரியவில்லை. சமையலறைத் தரையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காதை வைத்துக் கிடந்தவரைத் தாண்டித் தாண்டி மனைவி சமைத்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் பொண்ணு பொறந்தப்போகூட ஆஸ்பத்திரியில இவ்வளவு நேரம் இருக்கலையே!"

அவர் ஃபிரிட்ஜைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரே சத்தம் இல்லை, இரண்டு. கம்ப்ரசர் ஒன்று, தகடு ஒன்று. இரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஏதோ ஒன்று மூச்சு விடுகிற மாதிரி ஏறி, இறங்கியது. எத்தனை ஆயிரம் ஃபிரிட்ஜுகளில் அது இருந்திருக்கும்! ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நிறுத்துவதற்காகத்தான். நாலாம் நாள் மகள் கண்ணை மூடி, "இதுதான்," என்றாள். அவருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே ஃபிரிட்ஜ் அரங்கத்துக்குப் போய்விட்டது. மாலையில் முப்பது பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மேசைக்குப் பின்னால் நின்றாள். கம்ப்ரசர் உதறிக்கொண்டு எழுந்தது.

சுவர் அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது, அவருடைய நெஞ்செலும்பும் அதிர்ந்தது. இது பாட்டா? ராகம் இல்லை, தாளம் இல்லை. பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவர், தன் கன்னமும் நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துத் திகைத்தார். யாரும் செத்துப்போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிறது, அவ்வளவுதானே? என்ன இழவு இது என்று நினைத்தார். கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. அந்த மூன்றாவது சத்தம் ஏறி ஏறி வந்துகொண்டிருந்தது. மகள் முகத்தில் அவர் பார்த்தே இராத ஒரு நிம்மதி இருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழு நிமிடம். உள்ளே ஒன்றும் வைக்காத பெட்டி, குளிர்ந்திருக்கும். இன்னும் ஒரு நிமிடத்தில் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும், பாட்டும் முடிந்துவிடும். அந்த அரங்கத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. மேடையேறிப் போய், ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்தார். உள்விளக்கு அவர் முகத்தில் அடித்தது. குளிர் வெளியே கொட்டியது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அப்புறம் புரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுத்தாள்.

"அப்பா, கரண்ட் வீணாகுது."

"ஆகட்டும்மா," என்றார் அவர், கதவை விடாமல்.