ஈயப் பட்டறையில் ஒரு பஸ்பம்

1. கரண்டி

தாராவியில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் எனக்கு வேலை. மேஸ்திரி முத்தையா அண்ணாச்சி. ஒருநாள் ஈயத்தை அச்சில் ஊற்றும்போது அவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்கப் போனார். மணிக்கட்டு துணி மாதிரி தொங்கியது.

எங்களில் சுத்தம் பார்க்கிறவர் அவர்தான். மாஸ்க்கைக் கழற்ற மாட்டார். சோப்புப் போடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் கரிக்கையோடு வடாபாவ் தின்கிறவன்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லார் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அவருக்கு ரொம்ப அதிகம்.

"சோப்பு போடுதவன் படுத்துட்டான். நீ குத்துக்கல்லாட்டம் நிக்கியேலே" என்றார் முதலாளி காதர் பாய்.

2. முள்

பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தார். அடுத்த தடவை ரத்தம் பார்த்தால் ஈயம் கூடியிருந்தது.

திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறீரா என்று டாக்டர் இந்தியில் சத்தம் போட்டார். இப்படியே போனால் கை திரும்பாது என்றார். வேறு மருந்து, தவாயி எதுவும் சாப்பிடுகிறீரா என்றும் கேட்டார்.

"நஹி சாப்" என்றார் அண்ணாச்சி.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் உட்காரக்கூட இல்லை. மதினி தேனில் ஏதோ பொடியைக் குழைத்துக் கொண்டுவந்தார்.

"என்ன மதினி இது?"

"ஊர் பஸ்பம். கை இப்படி ஆயிட்டுதேன்னு இப்ப ரெண்டு வேளையாக்கிட்டேன்."

"தவாயி இல்லைன்னு சொன்னியள அண்ணாச்சி?"

"இது தவாயியாலே? சத்து. பட்டறைக்கு வந்த நாள்லருந்து திங்கேன். உடம்புல சேர்ற ஈயத்தை வெளிய தள்ளிரும்."

"எதுல செஞ்சது?"

"ஈயத்துலதான். முள்ளை முள்ளாலதான எடுக்கணும்."

பஸ்பப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அவரே சொன்னார்: "இது புடம் போட்டது. சித்தர் காலத்து முறை. புடம் போட்டா ஈயம் செத்துரும்ல. அப்புறம் வெறும் சாம்பல்தான்."

3. உலை

பேட்டரிக்குள் இருக்கிற பசை காய்ந்தால் அதுவும் பொடிதான். பார்த்தால் ஈயம் என்று தெரியாது. கரித்தூள் சேர்த்து உலையில் வைத்தால் ஈயமாக ஓடும். தினமும் நாங்கள் செய்கிற வேலை அது.

பஸ்பப் பொட்டலத்தோடு பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சியும் கூட வந்தார். பாய் அவரை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று பார்த்தார். கரண்டியில் கொஞ்சம் பஸ்பம் கொட்டி, கரித்தூள் கலந்து உலையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரிக்கு அடியில் மினுமினுவென்று ஒரு குண்டு உருண்டது.

வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"சாகலையேலே."

"சாகலை அண்ணாச்சி."

"பட்டறையில நான் குடுக்குத ஈயம் பத்தாதுன்னு ஊர்லருந்து வேற வரவழைச்சிருக்கான்" என்றார் காதர் பாய்.

மீதிப் பொட்டலத்தை டாக்டரிடம் கொடுத்தோம். பஸ்பம் நின்றது. வைத்தியம் நடந்தது. கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. பாய் அவரை இப்போது தனக்கிருக்கும் ஒரு மளிகைக் கடையில் உட்கார வைத்திருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாஸ்க் போடுங்கள். டாக்டர் கேட்டால் பஸ்பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொடியாகிப் போன ஈயம் எவ்வளவோ எங்கள் உலைக்கு வந்திருக்கிறது. ஒன்றுகூடச் செத்து வந்ததில்லை. ஈயம் சாகிற சாமானாக இருந்தால் எங்களுக்கு இங்கே என்ன வேலை?