பந்து மெசினில் பட்ட சந்தனம்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கரம்பொன் ஊர்ச் சிவபாதத்தார் அந்தப் பூனைச் சாதி இல்லை. எழுபத்தேழாம் ஆண்டு தமிழரை அடித்த கலவரத்தில், தெற்கே காலி நகரத்தில் இருந்த அவருடைய தேத்தண்ணிக் கடை கூரையோடு எரிந்துபோனது. பழுதாகிப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரச் சிங்களவன் பியசேனவின் பின்னறையில் கிடந்த பந்து மெசின் மட்டும் தப்பியது. அடுத்த வருடம் பியசேன அதை லொறியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தான்.

மெசின் வீட்டில் இறங்கிய அன்றே சிவபாதத்தார் சொல்லிவிட்டார்: "இது ஓடட்டும். ஓடின அடுத்த கிழமையே போய்க் கடையைத் திறக்கிறன்."

"திரும்பவும் காலிக்கோ?" என்றாள் கேட்டுக்கொண்டு நின்ற மனைவி மீனலோசனி.

கொழும்புத் துறைமுகக் கிளப் ஒன்று கழித்துவிட்ட அமெரிக்க மெசின் அது. கண்ணாடிக்குக் கீழே இரும்புப் பந்து ஓடும், விளக்கு மின்னும், மணி அடிக்கும். பந்து கீழே விழாமல் இரண்டு சின்னத் தட்டைகள் அதைத் தட்டி ஏற்றும். அதை ஆட வந்த பெடியள் தேத்தண்ணியும் குடித்ததால்தான் கடை கடையாக நின்றது.

கடை எரிந்த அன்று சிவபாதத்தார் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். மீனலோசனி தனியே. மூன்றாம் நாள் அகதி முகாமில் அவளைக் கண்டதும் மனிசன் அழுதார்தான். அழுது முடிந்த கையோடு கேட்டது, "மெசின் தப்பிச்சுதோ?" என்று. நடுவில் போன இரண்டு நாளைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இப்போது முன்னறையில் மெசினின் மேற்பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு நாள் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தார். உள்ளே இடியப்பத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி வயர். உப்புக் காற்றில் பித்தளைத் தகடுகள் பச்சை பிடித்திருந்தன. ஒன்றையொன்று தொட்டால்தான் கரண்ட் ஓடும் என்பதால் ஒவ்வொரு சோடித் தகட்டையும் அரத்தாளால் உரசி, பெற்றோலால் துடைத்தார். தீய்ந்துபோன சுருளுக்கு யாழ்ப்பாணத்தில் புதுக்கம்பி சுற்றுவித்தார். சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் பின்னேரம் விளக்கு எரிந்தது, மணி அடித்தது, தட்டைகள் இரண்டும் டக்கென்று எழும்பின.

மறுநாள் பூசை. வியாபாரக் குடும்பம் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் விடுமா? மீனலோசனி குறட்டுக்கும் திருப்புளிக்கும் சந்தனம் வைத்தாள். திறந்துகிடந்த மெசினின் உள்ளுக்கும், பயபக்தியோடு, அங்கங்கே வைத்தாள். பூசையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. விஜயதசமியன்று சுவிச்சைப் போட்டால் தட்டைகள் அசையவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

சிவபாதத்தார் சுருளைப் பார்த்தார், பியூசைப் பார்த்தார், வயரை நுனியிலிருந்து அடி வரைக்கும் தடவிப் பார்த்தார். தகடுகளைப் பார்க்கவில்லை. துடைத்து முடித்த இடத்தை ஏன் திரும்பப் பார்க்கப்போகிறார்?

அறை கூட்ட வந்த மீனலோசனிதான் கண்டாள். இரண்டு தகட்டுக்கு நடுவே சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். விரலை நீட்டினவள் மடக்கிக்கொண்டாள். இது ஓடினால் திரும்பவும் காலிக்குப் பயணம். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அதே இடத்தில் இன்னும் ஒரு பொட்டு வைத்தாள். சாமிச் சந்தனத்தால் கள்ளம் செய்கிறேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் வெள்ளிக்கு வெள்ளி வைத்தாள்.

மனிசன் சோறு குறைத்தார், தாடி வளர்த்தார். ஒருநாள் விடியச் சேட்டுப் போட்டுக்கொண்டு பையோடு நின்றார்.

"எனக்குப் பிடிபடேல்லை. பியசேனவைக் கூட்டிக்கொண்டு வாறன். அப்பிடியே கடைக்கும் ஒரு இடம் பாத்திட்டு வரலாம்."

மீனலோசனி ஓடிவந்து வாசலை மறித்தாள். போகவிடாமல் செய்த வேலையே அவரை அங்கே அனுப்பப் பார்த்தது.

"போகாதையுங்கோ. மெசினுக்கு ஒரு பழுதுமில்லை. நான்தான்…" பலகையைத் தூக்கி இடத்தைக் காட்டினாள்.

அவர் பேனாக்கத்தியால் சுரண்டினார். பொத்தானை அழுத்தினார். தட்டைகள் எழும்பின. அவர் முகத்தில் சந்தோசம் வரவில்லை.

"என்னை விசரனாக்கிப்போட்டீரே! ஏனப்பா?"

"வயர் வயராப் பிடிச்சு எங்கை பழுதெண்டு தேடினீங்கள். அந்த ரண்டு நாளும் எனக்கு என்ன நடந்ததெண்டு ஒருக்காலெண்டாலும் கேட்டனீங்களே?"

வீட்டு ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் பையை விடாமல் நின்றார். "சரி, சொல்லும்."

"பியசேனவின்ரை மனிசி என்னைத் தன்ரை ஆள் மாதிரி உடுத்திவிட்டாள். பொட்டை அழிக்கச் சொன்னாள், அழிச்சன். தமிழாக்களைத் தேடி வாசலிலை ஆக்கள் வந்திட்டாங்கள். தாலியை என்ரை கையாலை கழட்டி அரிசிப் பானைக்குள்ளை தாட்டனான். நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ தெரியாது. நான் கழட்டினதாலை உங்களுக்கு ஏதும் நடந்திருக்குமோ எண்டு ரண்டு நாளும் செத்துச் செத்துப் பிழைச்சனான். இன்னொருக்கால் என்னாலை ஏலாது."

சிவபாதத்தார் பையைக் கீழே வைத்தார். பஸ் போகிற சத்தம் கேட்டது. அவர் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"போகேல்லை," என்றார்.