இரண்டு சிப்புக்கு ஒரு கெர்னல்

கெர்னல் எழுதுகிறவனைத் தேடி ஒருவர் வருகிறார் என்றால், எங்கோ ஏதோ நின்றுபோயிருக்கிறது என்று பொருள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: ஒரு கணினிப் பெட்டிக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடுவது கெர்னல். என் பெட்டி தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிப் படகுகளில் இருப்பது. படகு நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும். ஒரே குடும்பத்துப் படகுகளை ஒன்றுக்கொன்று திரையில் காட்டும்.

நகல்

பழைய பெட்டியில் முப்பத்திரண்டு பிட் சிப். புதியதில் அதே குடும்பத்து அறுபத்துநான்கு பிட். சிப் மாறினால் கெர்னலில் சில பகுதிகள் மாற வேண்டும். பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்து, அங்கங்கே மாற்றினேன். சோம்பல்தான். நீங்களும் செய்திருப்பீர்கள். அதற்கே ஒரு மாதம் கேட்டேன். முதலாளி சொன்னார்: "காப்பிதான அண்ணாச்சி அடிக்கப் போறீய, அதுக்கு எதுக்கு ஒரு மாசம்?"

காணாமல் போன அண்ணன்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பெட்டி இடையிடையே தூங்கும். எழுந்ததும் சில நேரம் இருப்பிடம் சொல்ல மறந்துவிடும். இந்தப் பிழையைப் புதிய நகலில் திருத்தினேன். பழையதிலும் அதே பிழை இருப்பது நினைவுக்கு வரவில்லை.

மணப்பாட்டு மிக்கேல் பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் படகில் பழைய பெட்டி, தம்பி சூசை படகில் புதியது. இரண்டு படகும் ஒன்றாகக் கிளம்பின. கரையில் மிக்கேலின் மனைவிக்குச் சூசை படகு மட்டும்தான் திரையில் தெரிந்தது. இனி பெட்டி சரியாகாமல் கடலுக்கு விடமாட்டாராம். மிக்கேல் பெட்டியை என் மேஜையில் வைத்தார். "நான் கடல்லதான் கெடந்தேன். கரைக்கு வந்தா, வீட்டுல எனக்கு அழுது முடிச்சிருக்காவ."

ஒரு வாரம்

இரண்டு நகலைக் கட்டி மேய்த்தால் இப்படித்தான், ஒன்றில் திருத்தியது மற்றதில் விட்டுப்போகும். பொதுவானதை ஒரே கோப்பாக்கி, வேறுபடுவதை மட்டும் தனியே வைக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். ஒரு வாரம் கொடுத்தார். புதுப் பெட்டி வாங்க மிக்கேலுக்கு வழியில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார்: "அதுக்குள்ள முடியலைன்னா பழைய பெட்டியைக் கைவிட்டுருவோம் அண்ணாச்சி."

வரி வரியாக

சோதனைப் பிரிவு செல்வராணி இரண்டு நகலையும் வரி வரியாக ஒப்பிட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நீங்கதான் வேற வேற நாள்ல, வேற வேற கோவத்துல எழுதிருக்கீய."

எட்டு

சேர்த்த கெர்னல் புதிய பெட்டியில் ஓடியது. மிக்கேலின் பெட்டியில் விளக்குகூட எரியவில்லை. அவர் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவக முகவரிக்குப் புதிய சிப்பில் எட்டு பைட், பழையதில் நாலு. சிப்பைக் கேட்டு எழுத வேண்டிய இடத்தில், பொதுக் கோப்பில், எட்டு என்று நானே போட்டிருந்தேன். கண்டுபிடிக்கும்போது கெடுவின் கடைசி நாள். திருத்தினேன். விளக்கு எரிந்தது. செல்வராணி பெட்டியைத் தூங்கவைத்து, எழுப்பி, தூங்கவைத்து, எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் இடம் சொன்னது. பக்கத்தில் இருந்த மிக்கேல் சொன்னார்: "பெட்டியா இருக்கப்போயி சும்மா இருக்கு. நானா இருந்தா இந்நேரம் கை நீட்டிருப்பேன்."

புகார்

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் பெட்டி இல்லை. வீட்டில் நிம்மதியா என்று கேட்டேன். வீட்டுக்கு நிம்மதிதானாம், இவருக்குத்தான் இல்லை. "முன்ன நான் எங்கன வலை விடுதேன்னு சூசைக்குத் தெரியாது. இப்ப திரையைப் பாத்து நேரா பக்கத்துல வந்து நிக்கான். என் பெட்டியை மட்டும் பழையபடி லேசா கெடுத்துத் தாங்க அண்ணாச்சி."

ஒன்றை மட்டும் கெடுக்கும் வசதி இனி இல்லை. கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடவேண்டும் என்பதற்குத்தான் ஒரு வாரம் பாடுபட்டிருக்கிறேன்.