ஒன்றோடு கூட்டிய துளி

உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அந்தப் பச்சை சர்க்யூட் போர்டு. மேசைமேல் வைத்துக்கொண்டு, உறையைப் பிரிக்க மச்சான் வெகுநேரம் தயங்கினார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வளைகுடாவில் பாதி வயதைத் தொலைத்துவிட்டு வந்து, விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், சூளைகளுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சிறு பட்டறையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைக்கும் பழைய போர்டு சந்தையில் வருவது நின்றுவிட்டது. புதியது ஒத்துவந்தால் பட்டறை பிழைக்கும், மச்சானும் வீட்டோடு இருப்பார். இல்லையென்றால் மறுபடியும் விமானம்தான். அவர் மகள் அப்போதுதான் கூச்சமில்லாமல் அவரை அத்தா என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

சூளையில் சூடு துளித்துளியாக ஏற வேண்டும். அந்தத் துளிகளைச் சிந்தாமல் கூட்டிவைக்கச் சாதாரண தசம எண் போதாது. கூடுதல் இலக்கங்களைப் பிடித்துவைக்கும் 'லாங் டபுள்' வேண்டும். எழுதிய புரோகிராமைப் புதுப் போர்டுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. மச்சான் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. முதலாளி பிரியாணி வாங்கிவரச் சொன்னார். அன்று அக்கா சிரித்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மச்சானுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மறுநாள் காலை, ஒன்றோடு மிகச் சிறிய எண் ஒன்றைக் கூட்டி, பிறகு அந்த ஒன்றைக் கழித்துப் பார்த்தார். பழைய போர்டில் அந்தத் துளி மிஞ்சும். இங்கே பூஜ்யம் வந்தது. கம்பைலர் பெயரை மட்டும் ஒப்புக்கொண்டு, உள்ளே சாதாரண எண்ணையே வைத்திருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பிரியாணிய தின்னுட்டு கம்முனு இருந்திருக்கலாம்ல மச்சான்? யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கம்முனு இருந்தா சூளை கம்முனு இருக்குமா? சரக்கு பூரா வெடிச்சிப் பூடும்."

விலை கூடிய போர்டு வாங்க வழியில்லை என்று முதலாளி கையை விரித்தார். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்கள். மச்சான் தனக்கே விரோதியானார். பட்டறையைப் பூட்டினார்கள், விசாவும் வந்தது.

இப்போது ஷார்ஜாவில் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறார். இனி இங்கே வந்து தங்குவார் என்ற நம்பிக்கை எங்கள் யாருக்கும் இல்லை. நேற்று வீடியோ காலில் மகளைக் கேட்டார். ஸ்கூல் விட்டு வந்து, சீருடைகூட மாற்றாமல் கதவருகே நின்றவள், வேண்டாம் என்று தலையாட்டினாள். தூங்குகிறாள் என்றேன். அந்த நேரத்தில் அவள் தூங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். எதையும் இரண்டாம் முறை சோதிக்காமல் விடாத மனிதர், ஒன்றும் கேட்கவில்லை.

"சரி, எழுப்ப வேணாம்," என்றார்.